ஞாயிறு காலையில் 75 நிமிடம்: திருகோணமலை மறைமாவட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

வணக்கத்துக்குரிய ஆயர் ஆண்டகைக்கும், மறைக்கல்விக்குப் பொறுப்பான குருக்களுக்கும், பங்குத்தந்தையருக்கும், ஞாயிறுதோறும் வகுப்பெடுக்கும் மறையாசிரியர்களுக்கும்,

தரம் 6 முதல் தரம் 9 வரை படிக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். முதல் நன்மை வாங்கியாயிற்று. புலமைப்பரிசில் பரீட்சை கழிந்துவிட்டது. சாதாரண தரப் பரீட்சையின் நெருக்கம் இன்னும் வரவில்லை. பிள்ளை முதன்முதலாக எதிர்க்கேள்வி கேட்கத் தொடங்கும் ஆண்டுகள் இவை. மறைக்கல்வி வகுப்பில் கதிரைகள் வெறுமையாகத் தொடங்குவதும் இதே ஆண்டுகளில்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நினைக்கிறோம். ஐந்தாம் தரத்தில் சொன்ன கதையையே எட்டாம் தரத்திலும் கொஞ்சம் நீட்டிச் சொன்னால், "ஏன்?" என்று கேட்கும் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இந்த நான்கு தரங்களுக்கான ஞாயிறு வகுப்பை, திருச்சபை பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட செவ்வியல் கல்வி முறையில், தமிழை அடித்தளமாக வைத்து அமைத்துத் தாருங்கள். புதுப் பாடசாலையோ புதுக் கட்டடமோ கேட்கவில்லை. திருநாள், பரீட்சை, விடுமுறை எல்லாம் கழித்து ஆண்டுக்கு 36 ஞாயிறு, ஞாயிறுக்கு 75 நிமிடம் போதும்.

ஏன் பாடசாலையைக் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்ற பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசின் கைக்குக் கொண்டுபோயின. பாடத்திட்டம், பாடநூல், நேரசூசி, பரீட்சை எல்லாம் இன்று அரசினுடையவை. எல்லாச் சமயப் பிள்ளைகளும் ஒன்றாக அமரும் வகுப்பறைகள் அவை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். திருச்சபை தானே தீர்மானிக்கக்கூடிய நேரமாக மிஞ்சியிருப்பது ஞாயிறு காலை மட்டுமே.

செவ்வியல் கல்வி என்றால் ஏழு கலைகள். அவற்றில் மூன்று மொழி சார்ந்தவை: இலக்கணம், தருக்கம், சொல்வன்மை. நான்கு எண் சார்ந்தவை: எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல். இயேசு சபையார் 1599இல் வெளியிட்ட 'ராசியோ ஸ்தூதியோரும்' என்ற கல்வி ஒழுங்கு இதை வகுப்பறைக்கு ஏற்றபடி அடுக்கியது. இலக்கணத்துக்கு மூன்று வகுப்பு, அதன்மேல் இலக்கியம், அதன்மேல் சொல்வன்மை. ஒவ்வொரு வகுப்பிலும் நாளாந்த மனனம், ஆசிரியரின் முன்வாசிப்பு, எழுத்துப் பயிற்சி, சனிக்கிழமையில் மீள்பார்வை என்று எல்லாவற்றுக்கும் நேரம் குறித்தது. 1893இல் அமைந்த இந்த மறைமாவட்டம் நெடுங்காலம் இயேசு சபையாரின் பொறுப்பில்தான் இருந்தது. ஆகவே இந்த முறை இவ்வூருக்கு அந்நியமான ஒன்றல்ல.

இதை ஆங்கிலத்தில் வரும் ஆயத்தப் பாடத்திட்டமாக வாங்கிவிடலாமே என்ற யோசனை சில பெற்றோரிடம் உண்டு. வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறோம். அமெரிக்காவில் அச்சாகும் அந்தத் தொகுதிகள் ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்ட பிள்ளைக்கு எழுதப்பட்டவை. தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளை அதை எடுத்தால், தருக்கம் படிக்க வேண்டிய நேரமெல்லாம் ஆங்கிலச் சொற்பொருள் தேடுவதிலேயே போய்விடும். அதோடு, அவர்கள் தங்கள் இலக்கியத்தில் தேடி எடுப்பதற்கு நிகரானது நம்மிடமே உண்டு. அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. அது 16 பக்கம் கொண்ட ஒரு மறைக்கல்விச் சிறுநூல். வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். அதன் தலைவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித சூசையப்பர் (யோசேப்பு). சூசையப்பரின் பெயரால் கல்லூரி நிற்கும் இந்நகரின் பிள்ளைகள் அந்தக் காப்பியத்தின் பத்துப் பாடலையாவது பொருளோடு சொல்ல வேண்டும் என்பது பேராசை ஆகாது. இலங்கையிலேயே உழைத்து மறைந்த கொன்சால்வேஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இன்றும் வாசிக்கப்படுகிறது. உரத்து வாசிக்கப் பழகுவதற்கு அதைவிடப் பொருத்தமான உரைநடை வேறில்லை.

இனி 75 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம். செபத்துக்கு 5, மனனம் ஒப்புவித்தலுக்கு 10, இலக்கணமும் இலத்தீனும் 20, முன்வாசிப்பு அல்லது தருக்கம் 25, எழுத்து 15. முதல் திருப்பலி முடிந்தவுடன் தொடங்க வேண்டும். ஏன் இரண்டு மணித்தியாலம் ஆக்கவில்லை என்றால், அடுத்து ரியூசன் இருக்கிறது. நேரத்தை நீட்டினால் பிள்ளைகள் பாதியில் எழுந்து போவார்கள், பாதியில் போகிறவன் அடுத்த கிழமை வராமலே விடுவான்.

மனனத்தில் வழக்கமாக நடக்கும் பிழை, எல்லோரையும் ஒன்றாகச் சொல்லவைப்பது. முப்பது பேர் சேர்ந்து சொன்னால் ஏழெட்டுப் பேரின் குரல் மற்றவர்களைச் சுமந்துகொண்டு போகும். யாருக்குத் தெரியவில்லை என்று ஆசிரியருக்கே தெரியாது. பழைய இயேசு சபை வகுப்புகளில் பத்துப் பேருக்கு ஒரு மாணவத் தலைவன் இருப்பான். அவனிடம் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்புவிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நிமிடம், பத்துப் பேருக்குப் பத்து நிமிடம். மூன்று குழுக்கள் மூன்று மூலையில் ஒரே நேரத்தில் நடக்கும். தலைவனை மாதம் ஒருமுறை மாற்றவேண்டும். இல்லாவிட்டால் அவன் தன் பங்கை மனனம் செய்வதை விட்டுவிடுவான். அட்டைகளை மூன்று கட்டாக வைத்திருக்கச் சொல்லுங்கள்: இந்தக் கிழமையது, போன கிழமையது, போன மாதத்தது. புதியது ஒன்று, பழையது இரண்டு என்ற கணக்குத் தவறினால் மாசியில் படித்தது வைகாசியில் இருக்காது. ஒருமுறை கேட்டவன் மறுமுறையும் கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் எடுத்துச் சொல்லவும் வரும் என்று நன்னூல் மாணாக்கனுக்குச் சொன்னதும் இதைத்தான்.

முன்வாசிப்பு என்பது ஆசிரியர் பிள்ளைகளின் கண்முன்னே ஒரு பாடலைத் திறந்து காட்டுவது. ஆசிரியர் இருமுறை உரத்து வாசிக்கிறார். முதலில் ஓசையோடு, பிறகு சொற்களைப் பிரித்து. இரண்டு வசனத்தில் பொருள் சொல்கிறார். பிறகு சொல் சொல்லாக இலக்கணம். அதன்பிறகே வரலாறும் இடமும். கடைசியில் பிள்ளை கொப்பியை மூடிவைத்துத் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். தேம்பாவணி முதற் பாடலின் இறுதியில் "வளன் தன் காதை" என்று வருகிறது. வளன் யார் என்று கேட்டால் வகுப்பு விழிக்கும். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்கு 'அவர் பெருகச் செய்வார்' என்ற பொருள் உண்டு. அதனால் முனிவர் பெயரையே தமிழாக்கி வளன் என்றார். யோவானைக் கருணையன் ஆக்கியதும் அப்படித்தான். 'வளன் தன் காதை' சேர்ந்து வரும்போது 'வளன்றன்' ஆகிறது; ஏன் என்று அந்த இடத்திலேயே புணர்ச்சி விதியைக் காட்டலாம். பாடசாலையில் பரீட்சைக்காகப் படித்த விதி ஒன்று இங்கே ஒரு புனிதரின் பெயரைத் திறக்கும் சாவியாகிவிடுகிறது. மாதத்துக்கு இரண்டு பாடலே போதும். கூடவே ஒரு எச்சரிக்கை: வரலாற்றில் ஆர்வமுள்ள ஆசிரியர் வீரமாமுனிவரின் வாழ்க்கையைப் பதினைந்து நிமிடம் சொல்லிவிட்டுப் பாடலை ஓட்டமாக வாசித்து முடிப்பார். வரிசையை மாற்றினால் முன்வாசிப்பு வெறும் பிரசங்கமாகிவிடும்.

இலத்தீன் என்றதும் புருவம் உயரும் என்று தெரியும். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இலத்தீனை விலக்கிவிட்டதே என்பார்கள். 1963இல் அதே சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 54ஆம் எண், திருப்பலியில் தங்களுக்குரிய பகுதிகளை மக்கள் இலத்தீனிலும் சேர்ந்து சொல்லவோ பாடவோ தெரிந்திருக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. தாய்மொழிக்கு இடம் கொடுத்த அதே பத்தியில்தான் இதுவும் இருக்கிறது.

எவ்வளவு இலத்தீன்? தரம் 7இல் ஓராண்டுக்குப் பரலோக மந்திரம் மட்டும். அதில் 49 சொற்கள். கிழமைக்கு ஒன்று அல்லது இரண்டு சொல்.

தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே ஒரு பெரிய சாதகம் உண்டு. ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைக்கு இலத்தீனில் முதலில் இடறுவது பெயர்ச்சொல்லின் ஈறு மாறுவது. நம் பிள்ளை வேற்றுமை உருபோடு பிறந்து வளர்ந்தது. "பானெம்" என்றால் அப்பத்தை, இரண்டாம் வேற்றுமை. "தா நோபிஸ்" என்றால் எங்களுக்குத் தாரும், நான்காம் வேற்றுமை. "லிபெரா நோஸ் ஆ மாலோ" என்றால் எங்களைத் தீமையிலிருந்து விடுவியும். 'நோஸ்' இரண்டாம் வேற்றுமை, 'ஆ மாலோ' ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற் பொருள். "தெபிதோரிபுஸ் நோஸ்த்ரிஸ்" எங்கள் கடன்காரருக்கு. தரம் 7 கொப்பியில் ஏற்கனவே எழுதிய வேற்றுமை அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் கீறி இவற்றை எழுதச் சொல்லுங்கள். 'பழைய செபத்தில் பரமண்டலங்களிலே என்று ஏன் பன்மை?' என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் அங்கேயே இருக்கிறது: முதல் வரியில் 'இன் சேலிஸ்' பன்மை, பின்னால் வரும் 'இன் சேலோ' ஒருமை.

இடறும் இடங்கள் மூன்று. ஒன்று, 'எங்கள்' என்ற சொல். தமிழில் எங்கள் தந்தை, எங்கள் அப்பம், எங்கள் கடன்கள், எங்கள் கடன்காரருக்கு என்று அது மாறாமல் நிற்கும். இலத்தீனில் நோஸ்தெர், நோஸ்த்ரும், நோஸ்த்ரா, நோஸ்த்ரிஸ் என்று தான் தழுவும் பெயருக்கேற்ப மாறும். பிள்ளை இதை நான்கு வெவ்வேறு சொல் என்று நினைக்கும். நான்கையும் ஒரே நிறத்தால் கோடிட்டுக் காட்டவேண்டும். இரண்டு, 'நோஸ்' ஓரிடத்தில் நாங்கள், இன்னோரிடத்தில் எங்களை. வினையைப் பார்த்தே பிரிக்க முடியும். மூன்று, எழுத்து. தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் 'த' எந்த ஒலி, 'ப' எந்த ஒலி என்று தெரியாது. 'தெபிதா' என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். ஆங்கிலப் பாடத்தில் ரோம எழுத்து ஏற்கனவே தெரியும் என்பதால் கரும்பலகையில் அதிலேயே எழுதுங்கள். உச்சரிப்புக்குத் திருச்சபை வழக்கை மட்டும் பின்பற்றுங்கள். பிள்ளைகள் பாடப்போவது அந்த ஒலியில்தான். 'தா' என்ற இலத்தீன் ஏவலும் நம்முடைய 'தா'வும் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து மகிழ்வார்கள். மகிழட்டும். ஆனால் இரு மொழியும் உறவு என்று ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது. அது ஒலியின் தற்செயல், அவ்வளவே.

தருக்கம் தரம் 8க்கு. சொற்களைக் கடன் வாங்கத் தேவையில்லை. மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம் (கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று அளவை நெறியை விரித்துச் சொல்கிறது. மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. பௌத்த நூல் என்பதால் ஒதுக்கவேண்டியதில்லை. திருச்சபையின் பெரும் இறையியலாளர் புனித தோமா அக்குவினாரே கிரேக்கரான அரிஸ்டாட்டிலை ஒதுக்கவில்லை. இதை அரிஸ்டாட்டிலின் வரிசைக்கு மாற்றினால்: புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, மலையில் புகை உண்டு, ஆகவே மலையில் நெருப்பு உண்டு.

கிழமைக்கு மூன்று அனுமானம் கொடுங்கள். ஒன்று சரியானது. ஒன்று வடிவம் சரி, முதற்கூற்றுப் பொய்: "மீன் எல்லாம் கடலில் வாழும், விரால் ஒரு மீன், ஆகவே விரால் கடலில் வாழும்." ஒன்று கூற்றுகள் மெய், வடிவம் பிழை: "குருக்கள் எல்லாரும் திருமுழுக்குப் பெற்றவர்கள், அண்ணன் திருமுழுக்குப் பெற்றவன், ஆகவே அண்ணன் குரு." இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்த்துப் பிள்ளைகள் 'பிழை' என்று மட்டும் சொல்லி நிறுத்துவார்கள். எங்கே பிழை என்று கேட்பதில்தான் பாடம் இருக்கிறது. மூன்றாவதற்கு வட்டம் போடச் சொல்லுங்கள்: பெரிய வட்டம் திருமுழுக்குப் பெற்றவர்கள், அதற்குள் சிறிய வட்டம் குருக்கள். அண்ணனைக் குறிக்கும் புள்ளியைப் பெரிய வட்டத்துக்குள் எங்கே வைத்தாலும் கூற்றுகள் இரண்டும் மெய்யாகவே இருக்கும். அதைப் பார்த்த பிள்ளைக்கு விளக்கம் தேவைப்படாது.

தரம் 9இல் இது வழக்காடலாக வளரும். தோமா அக்குவினார் (1225–1274) தம் இறையியல் தொகுப்பின் ஒவ்வொரு பிரிவையும் ஒரே சட்டத்தில் எழுதினார்: கேள்வி, ஆட்சேபங்கள், "ஆனால் இதற்கு மாறாக", தம் விடை, பிறகு ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் மறுமொழி. ஆட்சேபத்தை முதலில் வைக்கிறார் என்பதைக் கவனியுங்கள். "கடவுள் இருக்கிறாரா?" என்ற பிரிவில் அவர் வைக்கும் ஆட்சேபம் இரண்டே இரண்டு. தீமை இருக்கிறது, எல்லையற்ற நன்மை இருந்தால் தீமைக்கு இடமிராதே என்பது ஒன்று. உலகை இயற்கையாலும் மனித விருப்பத்தாலும் விளக்கிவிடலாம், கடவுள் தேவையில்லை என்பது மற்றது. இன்றைய பிள்ளை கைபேசியில் பார்ப்பதும் இந்த இரண்டின் வேறு வேறு வேடங்களையே. "ஆனால் இதற்கு மாறாக" என்ற இடத்தில், "இருக்கின்றவராக இருக்கின்றவர் நானே" என்று கடவுள் சொல்லும் விடுதலைப் பயணம் 3:14 நிற்கிறது.

வகுப்பில் நடத்தும் விதம்: கேள்வியை முந்திய ஞாயிறே பலகையில் எழுதிவிடுங்கள். இருவர் தலைக்கு ஓர் ஆட்சேபத்தை மூன்று வசனத்துக்கு மேற்படாமல் எழுதி வருவார்கள். ஒருவர் திருவிவிலியத்திலிருந்து மாற்றுச் சான்று கொண்டுவருவார். விடையளிப்பவருக்கு மூன்று நிமிடம். அவர் மறுமொழி சொல்லுமுன் "நீர் சொல்வது இதுதானே?" என்று ஆட்சேபத்தைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், ஆட்சேபித்தவர் "ஓம்" என்று தலையாட்டிய பிறகே பதில். இந்த ஒரு விதியைக் கைவிட்டால் அடுத்த நிமிடமே அது பட்டிமன்றமாகிவிடும். பட்டிமன்றத்தில் அணி பிரித்து, கைதட்டு வாங்கி, நடுவர் தீர்ப்பில் முடிப்போம். வழக்காடலில் வெற்றி தோல்வி இல்லை. ஆட்சேபத்தில் உள்ள உண்மை எது, தவறு எது என்று பிரித்துக் காட்டுவதே வேலை.

இன்னும் இரண்டு எல்லைகளை நாங்கள் கண்டிப்பாகக் கேட்கிறோம். இந்து, முஸ்லிம், பௌத்த அயலவரோடு ஒரே ஒழுங்கையில் வாழும் பிள்ளைகள் இவர்கள். பிற சமயத்தின் நம்பிக்கை ஒருபோதும் வழக்காடலின் கேள்வியாக வைக்கப்படக் கூடாது. நம் நம்பிக்கை மீதான கேள்விகளே போதியவை. மற்றது, தீமை பற்றிய ஆட்சேபம். போரும் 2004 மார்கழியின் ஆழிப்பேரலையும் பல வீடுகளில் இன்னும் பேச்சில் இருக்கின்றன. தீமையிலிருந்தும் நன்மையைக் கொண்டுவர வல்லவர் என்பதாலேயே கடவுள் தீமையை அனுமதிக்கிறார் என்று அகுஸ்தீனாரை மேற்கோள் காட்டி அக்குவினார் சொல்லும் மறுமொழி ஆழமானது. ஆனால் அது சிந்தனைக்கான மறுமொழி, சாவீட்டில் சொல்லும் ஆறுதல் அல்ல. இந்த வேறுபாட்டை ஆசிரியர் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்ட பிள்ளையின் வீட்டில் யாரையாவது இழந்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதும் ஆசிரியரின் கடமை.

எண் சார்ந்த நான்கு கலைகளுக்கு ஞாயிறு வகுப்பில் அதிக நேரம் இல்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று வகுப்பு ஒதுக்கினால் போதும். ஆனால் உயிர்ப்பு ஞாயிறைக் கணக்கிடும் பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். விதி எளிது (இம்மடலில் தமிழ் மாதப் பெயர்களை இங்கு வீட்டில் வழங்குவதுபோல் ஆங்கில மாதங்களுக்கே பயன்படுத்துகிறோம்; பங்குனி என்றால் மார்ச்): பங்குனி 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறு. ஒவ்வொரு முழுநிலவுக்கும் போயா விடுமுறை விடும் நாட்டில் எந்த வீட்டுக் கலண்டரிலும் அது சிவப்பில் இருக்கிறது. 2024இல் போயா பங்குனி 24, உயிர்ப்பு 31. 2026இல் போயா சித்திரை 1, உயிர்ப்பு 5. இரண்டும் பொருந்தும். இப்போது 2025ஐக் கொடுங்கள். போயா சித்திரை 12, சனிக்கிழமை. பிள்ளைகள் உடனே 13 என்பார்கள். ஆனால் அன்று குருத்தோலை ஞாயிறு. உயிர்ப்பு 20ஆம் திகதி. ஏன்?

திருச்சபை வானத்து நிலவைப் பார்ப்பதில்லை. 19 ஆண்டுச் சுழற்சி கொண்ட ஓர் அட்டவணையைப் பார்க்கிறது. 2025ஐ 19ஆல் வகுத்தால் மீதி 11. ஒன்றைக் கூட்டினால் 12. பன்னிரண்டாம் எண்ணுக்கு அட்டவணை முழுநிலவு சித்திரை 13. அது ஞாயிறில் விழுந்ததால், 'அடுத்த' ஞாயிறு என்ற விதிப்படி 20. வகுத்தல் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைச் செய்யலாம். 2027க்கும் 2028க்கும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்: எண்கள் 14, 15, அட்டவணை நிலவு பங்குனி 22, சித்திரை 10, விடை பங்குனி 28, சித்திரை 16. நாட்காட்டியைத் திருத்திய 1582இல் ஐப்பசி 4க்கு அடுத்த நாள் 15 ஆனதையும், அந்தக் கணக்கில் இயேசு சபையின் கிளாவியுஸ் அடிகள் உழைத்ததையும் அங்கேயே சொல்லலாம்.

இசைக்கு ஒரு பலகை, இரு நிலையான கட்டைகள், அவற்றிடையே 60 சென்ரிமீற்றர் தங்கூசி, நகர்த்தக்கூடிய ஒரு சிறு கட்டை. கட்டையை 30இல் வைத்தால் மேல் ச, 40இல் ப, 45இல் ம. பாதி, மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று. நம் முன்னோர் குரல், இளி என்று காதால் பிடித்ததை அளவுகோலால் காணலாம். நகரும் கட்டை உயரமாக இருந்தால் நூல் மேலும் இறுகிச் சுருதி ஏறிவிடும். நூலைத் தொட்டுக்கொண்டு நிற்கும் உயரமே போதும். தங்கூசி இழுபடும் என்பதால் முந்திய நாளே கட்டி வைத்துவிடுங்கள்.

சொல்வன்மை ஒன்பதாம் தரத்தின் பின்பாதி. குறளின் 65ஆம் அதிகாரத்தின் பெயரே அது. கிரேக்கர் வகுத்த 14 படிப்பயிற்சிகளில் முதல் நான்கு போதும்: நீதிக்கதை, நிகழ்ச்சி, பெரியோர் சொல், பழமொழி. ஒரு குறளையோ நீதிமொழியையோ எடுத்து, அதன் பொருள், காரணம், மாறாக நடந்தால் என்ன, ஓர் ஒப்புமை, ஓர் எடுத்துக்காட்டு என ஐந்து சிறு பத்தி எழுதி, பிறகு மூன்று நிமிடம் பேச வேண்டும். அவையோர் அனைவருக்கும் நீண்ட வணக்கம் சொல்வதை இந்த மூன்று நிமிடத்தில் தடைசெய்யுங்கள். அதிலேயே முக்கால் நிமிடம் கரைகிறது. அதை நீக்கினால்தான் முதல் வசனத்தை யோசித்து எழுதுவார்கள்.

ஆசிரியர்களைப் பற்றி. இதற்குப் பட்டம் தேவையில்லை, தயாரிப்பு தேவை. ஒரு பங்குக்கு இருவர், ஆறு சனிக்கிழமை, தலா மூன்று மணித்தியாலம். அவற்றில் இரண்டு இலக்கணத்துக்கும் முன்வாசிப்புக்கும், ஒன்று பரலோக மந்திரத்துக்கு, இரண்டு தருக்கத்துக்கும் வழக்காடலுக்கும், ஒன்று மனன ஒழுங்குக்கும் உயிர்ப்புக் கணக்குக்கும். இலக்கணத்தைக் கற்றுத்தர நகரின் தமிழாசிரியர்களை, அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், அழையுங்கள். இறையியலுக்குக் குரு ஒருவர் வந்தால் போதும். தவணைப் பரீட்சையும் புள்ளியும் வைக்காதீர்கள். புள்ளி வந்த அன்றே மனனம் ரியூசன் பாடமாகிவிடும், வழக்காடலில் யாரும் ஆட்சேபம் சொல்ல முன்வர மாட்டார்கள். ஆண்டு முடிவில் பெற்றோர் முன்னிலையில் ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து நிமிடம் வாய்மொழியாகச் செய்து காட்டட்டும்.

நான்கு தரங்களையும் ஒரே நாளில் தொடங்கவும் வேண்டாம். ஒன்பதாம் தரத்துப் பிள்ளைக்கு அடித்தளம் இல்லாமல் வழக்காடலைக் கொடுத்தால் அது வெறும் வாக்குவாதமாகும். பிறகு முறையே தோற்றதாகச் சொல்லப்படும். முதலாம் ஆண்டு தரம் 6 மட்டும். ஆண்டுக்கு ஒரு தரம் ஏறினால் நான்காம் ஆண்டில் முழுமையாகும்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. நகரில் இரண்டு, மூதூர்ப் பக்கத்தில் ஒன்று என மூன்று பங்குகளை வரும் திருவருகைக் காலத்துக்கு முன் தெரிவு செய்யுங்கள். அந்தப் பங்குகளில் ஞாயிறு முதல் திருப்பலிக்குப் பின் 75 நிமிடத்துக்கு வேறு எந்தக் கூட்டமும் ஒத்திகையும் வைக்காதிருக்கப் பங்குத்தந்தையரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு ஆறு சனிக்கிழமை ஒரு மண்டபம் தாருங்கள். தரம் 6க்கான கைந்நூலை எழுதி, உங்கள் பார்வைக்கும் திருத்தத்துக்கும் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறோம். அது 16 பக்கம் வரும். அச்சுக்கு முன் இறையியல் பிழை பார்க்க ஒரு குருவை நியமித்தால், தை மாத முதல் ஞாயிறில் வகுப்பைத் தொடங்கலாம்.

இறை அன்பில்,
தமிழும் மறைக்கல்வியும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.